கைக்காசு வேலைக்கும் சேமலாப நிதி உண்டு

"கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறவங்களுக்கு ஈ.பி.எப். கிடையாதாமே, சேர்?" போன கிழமை பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய் எங்களிடம் கேட்டார். மூன்று வருடமாகக் கிலோக் கணக்கில் பறிக்கிறார். இதுவரை அவர் பேரில் ஒரு சதமும் சேரவில்லை.

கிடையாதென்று யார் சொன்னது? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நிரந்தரமோ தற்காலிகமோ, நாட்சம்பளமோ கிலோக் கணக்கோ, வேலைக்கு இறங்கிய முதல் நாளிலிருந்தே நமக்கு அந்த உரிமை உண்டு. சம்பளத்தில் நம் பங்கு நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3. அந்த 3ஐ நம் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது. ஆயிரம் ரூபா உழைத்தால் தோட்டம் தன் பணத்திலிருந்து 150 ரூபா போட வேண்டும். கைக்காசு என்று பேர் வைத்தால் மிச்சமாவது அந்த 150தான். யாருக்கு மிச்சம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

நம்மவர்களிலும் சிலர், "முழுக்காசும் கையில வந்தாப் போதும்" என்கிறார்கள். அரிசி விக்கிற விலையில் எங்களால் அவர்களைக் கோபிக்க முடியவில்லை. ஆனால் 8ஐ விட்டால் 12ம் சேர்ந்து போகிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் கேட்டு வாங்க வேண்டிய பணம் அது.

மாத்தளை தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க அத்தாட்சி வேண்டும். கொழுந்து நிறுத்த துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள். துண்டு தராவிட்டால் திகதியையும் கிலோவையும் பிள்ளையின் பழைய கொப்பியில் அன்றன்றே எழுதச் சொல்லுங்கள். கொப்பியோடு தலைவரிடம் வாருங்கள், முறைப்பாட்டை நாங்கள் எழுதித் தருகிறோம்.