பார்சல் வாசலுக்கு வரும்வரை யார் பொறுப்பு?

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே, கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் நின்று புறப்படும் சிறிய நிலையம் அனுப்பம்பட்டு. அங்கிருந்து கிழக்கே காட்டூர், தத்தைமஞ்சி என்று வயலும் ஏரியுமாகப் போகும் நிலம், கழியைத் தொட்டு, பழவேற்காடு ஏரியில் முடிகிறது. ஏரிக்கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலும் மீனவர் குப்பங்கள். தென்கிழக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகமும், 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு மாறிய காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. இந்தத் துறைமுகங்களுக்காகவும் அனல்மின் நிலையங்களுக்காகவும் மீன்பிடித் துறைகளையும் நிலத்தையும் இழந்தவர்கள் இந்தப் பகுதி மக்கள். மீஞ்சூர் பக்கத்துச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. உலகத்துச் சரக்கு இவர்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. ஆனால் இவர்களில் ஒருவர் பணம் கட்டி வாங்கிய கைப்பேசி, கடைசிச் சில கிலோமீட்டரைக் கடந்து முழுசாக வீடு வந்து சேருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இணையத்தில் விலை உயர்ந்த பொருள் வாங்குவது வசதி படைத்த நகரவாசியின் பழக்கம் என்று இன்னும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நிலைமை நேர்மாறானது. சென்னையில் இருப்பவருக்கு நடந்துபோகும் தூரத்தில் கடை இருக்கிறது. பழவேற்காட்டின் கோட்டைக்குப்பத்தில் இருப்பவர் ஒரு நல்ல டிவி வாங்க வேண்டுமானால் பொன்னேரிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். அன்றைய வருமானம் போகும். வண்டி வாடகை தனி. படகுக்கு வேண்டிய ஜி.பி.எஸ். கருவி, பிள்ளையின் படிப்புக்கு லேப்டாப், இன்வெர்ட்டர் எல்லாம் தவணையில் இணையத்தில் கிடைக்கும்போது அவர்கள் அதை நாடுவதில் வியப்பில்லை. பணத்தின் கனத்தையும் அவர்கள் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். 20,000 ரூபாய்க் கைப்பேசி ஒன்று உடைந்து வந்தால், போவது இரண்டரை தடைக்கால நிவாரணம்.

இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் பைக்கில் பெரிய பையுடன் ஒரு இளைஞர் வருகிறார். வீட்டில் பெண்கள் மட்டும். “அக்கா, ஓ.டி.பி. சொல்லுங்க.” “அவரு தொழிலுக்குப் போயிருக்காரு தம்பி, போன் அவருகிட்ட இருக்கு.” தொழில் என்றால் இங்கே கடலோ ஏரியோதான். போன் பாலித்தீன் உறையில் சுற்றப்பட்டு, சிக்னல் கிடைக்காத இடத்தில் படகில் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் இன்றும் பாடு முறை உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை ஊர்தான் முறை வைத்துத் தீர்மானிக்கிறது. தன் பாடு வரும் நாளை விட்டுவிட்டு, ‘காலை 7 முதல் இரவு 9 மணிக்குள் வரும்’ என்ற குறுஞ்செய்தியை நம்பி யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. இளைஞரால் காத்திருக்க முடியாது. பார்சல் திரும்பிப் போகிறது. திரையில் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று பதிவாகிறது. சில நேரம் யாரும் வராமலே அப்படிப் பதிவாகிறது. வந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்க வாங்கியவருக்கு வழியில்லை.

இரண்டாம் நாள் கரையில் இருக்கும்போதே அழைப்பு வந்து, எண்ணைச் சொல்லி, பெட்டி கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலையில் பிரித்தால் திரையில் கீறல். அல்லது உள்ளே வேறு பொருள். புகார் கொடுத்தால் வரும் பதில் ஒன்றுதான்: ‘உங்கள் ஓ.டி.பி. பெறப்பட்டு பொருள் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது.’ பெட்டி கை மாறியது என்பதற்கு மட்டுமே அந்த எண் சான்று. உள்ளே இருந்தது என்ன, எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்? அந்தக் காலத்தில் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடும்போது உறை கிழிந்திருந்தால் அதை எழுதிவிட்டுக் கையெழுத்திடலாம். ஆறு இலக்க எண்ணில் எதையும் எழுத இடமில்லை. இன்னொரு கேடும் நடக்கிறது. யாரிடமும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள் என்று வங்கியும் காவல் துறையும் ஓயாமல் எச்சரிக்கின்றன. பார்சல் வணிகமோ முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புக்கு ஓ.டி.பி. சொல்லும் பழக்கத்தை வீட்டுக்கு வீடு ஏற்படுத்திவிட்டது. பணம் பறிக்கும் கும்பல்கள் பார்சல் பெயரைச் சொல்லிப் பேசுவதற்கு இந்தப் பழக்கமும் துணை.

கோபம் முதலில் பாய்வது அந்தப் பைக் இளைஞர் மீதுதான். அவருக்குப் பெரும்பாலும் கொடுத்து முடித்த பார்சல் கணக்கில்தான் கூலி. பெட்ரோல் அவருடையது, வண்டி அவருடையது. மீஞ்சூர் நகருக்குள் ஒரே தெருவில் பத்து வீடு முடிக்கும் நேரத்தில், லைட் ஹவுஸ் குப்பம் வரை ஒரு பார்சலுக்காகப் போய் வர வேண்டும் என்றால் அவர் கணக்கில் அது நட்டம். “அண்ணே, மீஞ்சூர் வந்து வாங்கிக்கிறீங்களா?” என்று அவர் கெஞ்சுவது சோம்பலால் அல்ல. தூரத்துக்குத் தூரம் கூலி மாறாதவரை ஏரிக்கரைக் குப்பங்கள் எந்த இளைஞருக்கும் சுமையாகத்தான் தெரியும். வாங்கியவரும் கொண்டுவருபவரும் வாசலில் நின்று சண்டை போடுகிறார்கள். அந்தக் கூலியை நிர்ணயித்தவர்கள் அங்கே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் சாதாரண மனிதர் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. இந்தியாவில் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 39-ஆம் பிரிவின்படி, வாங்குபவருக்கு அனுப்புவதற்காகப் பொருளை ஒரு சரக்கு ஏற்றிச் செல்பவரிடம் விற்பவர் கொடுத்துவிட்டால், அது வாங்குபவரிடமே ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கொள்ளப்படும். கப்பலிலும் ரயிலிலும் மூட்டை மூட்டையாகச் சரக்கு வாங்கிய வணிகர்களுக்கு அந்த விதி பொருத்தமாக இருந்திருக்கும். எந்த வண்டியில் ஏற்றுவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்வார்கள். இன்று கைப்பேசி வாங்கும் மீனவர் கூரியர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதன் பெயர்கூடப் பார்சல் கிளம்பிய பிறகுதான் தெரியும்.

கூரியர் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2007-ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. நல்ல விஷயம். பொருள் தொலைந்தால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. அதுவும் நல்லது. ஆனால் அந்தச் சட்டம் அடிப்படையில் அனுப்புபவருக்கும் ஏற்றிச் செல்பவருக்கும் இடையிலான உறவைப் பற்றியது. 2011-ல் வந்த விதிகளோ, கூடுதல் கட்டணம் கட்டி முழுப் பொறுப்பையும் ஏற்கச் செய்யாதவரை, இழப்பீட்டை ஏற்றுக்கூலியின் பத்து மடங்கோடு நிறுத்துகின்றன. 20,000 ரூபாய்ப் பொருளுக்குக் கூலி 60 ரூபாய் என்றால் இழப்பீடு 600 ரூபாய். கூடுதல் கட்டணம் கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அனுப்புபவர். பணம் போட்டவர் இந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

உச்ச நீதிமன்றமும் இந்தத் திசையில் ஒரு தீர்ப்பு தந்திருக்கிறது. பாரதி நிட்டிங் கம்பெனி 1990-ல் ஜெர்மனியில் உள்ள கொள்முதலாளருக்கு டி.எச்.எல். கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. மாநில நுகர்வோர் ஆணையம் 4 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 100 டாலராகக் குறைத்தது, ரசீதில் அச்சிட்டிருந்த வரம்பு அவ்வளவுதான் என்பதால். 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது: கையெழுத்திட்டவர் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர். அந்த நிறுவனமாவது கையெழுத்திட்டது. அனுப்பம்பட்டில் பார்சலுக்குக் காத்திருப்பவர் எந்த ரசீதில் கையெழுத்திட்டார்?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சேவைக்குப் பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் ஒப்புதலோடு பயனடைபவரும் நுகர்வோரே. வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது; இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்தில் அதைப் பெற்றதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. உதவி எண் 1915. இவற்றை அறிந்து பயன்படுத்தினால் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் பொருள் உடைந்தது வழியிலா, கிடங்கிலா, வீட்டிலா என்ற கேள்வி எழுந்ததும், வழியில் என்ன நடந்தது என்ற பதிவு முழுவதும் நிறுவனங்களிடம் இருக்கிறது. வாங்கியவரிடம் இருப்பது உடைந்த பொருள் மட்டும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு பழைய உரிமை உண்டு. அதே 1930 சட்டத்தின் 41-ஆம் பிரிவு, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத நிலையில், பொருளை ஒப்படைக்கும்போது வாங்குபவர் கேட்டால் அதைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுக் கொடுக்கும் முறையைச் சில தளங்கள் சில பொருள்களுக்கு மட்டும் சலுகைபோலத் தருகின்றன. அது சலுகை அல்ல. கிட்டத்தட்ட நூறாண்டாக இருக்கும் உரிமை. யாரும் படிக்காத நிபந்தனைப் பக்கத்துக்கு ஒரு தொடுகையில் ஒப்புதல் வாங்கி அந்த உரிமையை இல்லாமல் ஆக்குவதை அரசு அனுமதிக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட எந்தப் பொருளுக்கும், பெட்டி திறக்கப்பட்ட பிறகே ஓ.டி.பி. என்பது கட்டாயமாக வேண்டும். அதற்கு ஆகும் சில நிமிடங்களுக்கும் அந்த இளைஞருக்குக் கூலி சேர வேண்டும்.

முகவரிப் பிரச்சினையையும் பேச வேண்டும். குப்பங்களில் கதவு எண்ணைவிடக் கோயிலும் மாதா சிலையும் பெயர்பெற்ற பெரியவரின் வீடும்தான் அடையாளம். கோட்டைக்குப்பம் பழவேற்காட்டிலும் உண்டு, புதுச்சேரிக்குப் பக்கத்திலும் உண்டு. நடுக்குப்பம் இங்கும் இருக்கிறது, மெரினாவை ஒட்டியும் இருக்கிறது. தபால்காரருக்கு இதில் குழப்பம் வந்ததில்லை. அவர் ஊர்க்காரர், ஆளைத் தெரியும். 1877-ல் வி.பி.பி. தொடங்கிய காலம் முதல், பணம் வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்கும் வேலையை அஞ்சல் துறை செய்துவருகிறது. அந்த முறையும் குறையற்றது அல்ல. விளம்பரம் பார்த்து வரவழைத்த டிரான்சிஸ்டர் பெட்டிக்குள் செங்கல் இருந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. பொருள் தொலைவதற்கும் தாமதமாவதற்குமான பொறுப்பிலிருந்து துறைக்கு விலக்கு அளித்த 1898 சட்டம் போய், 2023-ஆம் ஆண்டின் புதுச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோதும் அந்த விலக்கு போகவில்லை. இருந்தும், கிளை அஞ்சலகம் ஊருக்குள் இருக்கிறது, மனிதர் இருக்கிறார், வீட்டில் ஆள் இல்லையென்றால் மறுநாள் போய் வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. தனியார் பார்சல்களுக்கு இந்த மூன்றும் இல்லை. 2025 மே மாதம் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின், நாட்டை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து அடையாளம் தருகிறது. குப்பத்து வீட்டையும் அதில் துல்லியமாகக் காட்டலாம். பொருளைப் பாதுகாத்து வைக்கும் இடத்தை அதனால் தர முடியாது. மீனவர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலோ கிளை அஞ்சலகத்திலோ, கட்டணம் பெற்றுக்கொண்டு பார்சல்களை வைத்திருந்து தரும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் நினைத்தால் தொடங்கிவைக்க முடியும். கரை திரும்பியவர் மாலையில் போய், எல்லோர் முன்னிலையிலும் பிரித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

பிரிட்டனிலும் பழைய விதி நம்முடையதைப் போன்றதுதான். நம் 1930 சட்டமே அங்கிருந்து வந்தது. அங்கே 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், பொருள் வாங்கியவரின் கைக்கு உண்மையில் வரும்வரை அதன் இடர் விற்பவருடையது என்று தெளிவாக எழுதிவிட்டது. கூரியர் நிறுவனத்தோடு வழக்காடுவது விற்பவரின் வேலை. வாங்கியவர் தெருவில் நிற்க வேண்டியதில்லை. இங்கே அப்படி எழுதுவதற்கு 1930 சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மின்வணிக விதிகளை மத்திய அரசு அறிவிக்கை மூலமே திருத்தலாம். 2021 ஜூனில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. விற்பவர் தன் கவனக்குறைவால் பொருளைக் கொண்டுசேர்க்கத் தவறினால், அந்த விற்பனைக்கு இடம் கொடுத்த தளமே பொறுப்பேற்க வேண்டும் என்பது அதில் இருந்த முக்கியமான யோசனை. நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பிறகு அது வரைவாகவே நின்றுவிட்டது. அந்த வரைவும் விற்பவரின் தவறை மட்டுமே பேசியது. வழியில் கூரியர் செய்யும் தவறு அதில் இடம்பெறவில்லை. அந்த வரைவைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். ஏற்றிச் செல்பவரின் தவறையும் சேர்க்க வேண்டும். ‘வாடிக்கையாளர் இல்லை’ என்று பதிவுசெய்தால், அந்த நேரத்தின் அழைப்புப் பதிவும் இருந்த இடமும் வாங்கியவரின் திரையிலும் தெரிய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இதை எழுப்ப வேண்டியவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள்தான். துறைமுக விரிவாக்கம் பற்றிய பேச்சில் இந்தக் குப்பங்களின் பெயர்கள் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை.