அபேட்சகர் ஐயா, அந்த இரண்டாவது ஓட்டு யாருக்கு?

தேர்தல் தேதி கெஜட்டில் வருவதற்கு முன்பே அபேட்சகர் வந்துவிடுகிறார். ஐந்து வருஷமாகச் சேரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், இழவு வீட்டுக்கு மாலையோடு வருகிறார். மில் கேட்டில் ஷிப்டு மாறும் நேரம் பார்த்து நின்று, பெயர் தெரியாத தொழிலாளியின் தோளில் கைபோட்டு, "என்ன தம்பி, சௌக்கியமா?" என்கிறார். நடவு நடக்கிற வயல் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "எல்லாரும் நம்ம ஜனங்கதானே" என்கிறார். கூலியைக் கூட்டிக் கேட்ட நாளில் இதே ஜனங்கள் அவருக்கு யாராக இருந்தார்கள் என்பது அவருக்கு மறந்துவிட்டது. நமக்கு மறக்கவில்லை.

ஜில்லா பஞ்சாயத்துக்கு நிற்கும் இந்தக் கனவான்களின் முதல் வசனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "இது ஸ்தல தேர்தல். இதிலே அரசியல் வேண்டாம்."

நல்ல வேடிக்கை! கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பது கிராமப் பஞ்சாயத்து வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் மட்டும்தான். யூனியன் வார்டுக்கும் ஜில்லா வார்டுக்கும் கட்சிச் சின்னத்தில்தான் தேர்தல். சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, கொடியைக் காரில் கட்டிக்கொண்டு, "அரசியல் வேண்டாம்" என்று நமக்குப் பாடம் நடத்துகிறார். அவர் அரசியல் செய்யலாம். நாம் செய்யக் கூடாது. அவ்வளவுதான் இதன் பொருள்.

ஏன் இந்த ஜாக்கிரதை? தமிழ்நாட்டில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 ஜில்லாக்களில் நடந்த தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள். அதில் மஞ்சள் சீட்டு ஜில்லா வார்டுக்கு. முத்திரை குத்தினோம், மடித்தோம், பெட்டியில் போட்டோம். 2020 ஜனவரி 2-ந் தேதி எண்ணத் தொடங்கினார்கள். நம் வேலை அதோடு தீர்ந்தது. மெம்பரின் வேலை அங்கேதான் ஆரம்பம். ஜில்லா பஞ்சாயத்துத் தலைவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஜெயித்த மெம்பர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முறை அது ஜனவரி 11-ல் நடந்தது. நடுவில் ஒன்பது நாள்.

இந்த மாதிரி நாட்களில் மெம்பர்கள் எங்கே போய்விடுகிறார்கள்? தலைவர் தேர்தல் என்றாலே மெம்பர்களை வண்டியில் ஏற்றிக் கண்காணாத ஊரில், விடுதியில் வைத்துத் தீனி போட்டு, ஓட்டுப் போடும் நேரத்தில் கூட்டத்து வாசலில் கொண்டுவந்து இறக்குவது நாடறிந்த வழக்கமாகிவிட்டது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஆனால் மாடு நடுச்சந்தையில், எல்லாரும் பார்க்கத்தான் நிற்கும். இங்கே மாட்டையும் சேர்த்துத் துண்டால் மூடிவிடுகிறார்கள்!

ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஜனங்களுக்கு ஒரு ஜில்லா மெம்பர் என்பது கணக்கு. ஐம்பதாயிரம் பேரின் குரல் அந்தத் துண்டுக்கடியில் விலையாகிறது. கட்சி மாறினால் எம்.எல்.ஏ., எம்.பி.க்களின் பதவியைப் பறிக்கிற அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை பஞ்சாயத்து மெம்பரைத் தொடுவதில்லை. கேரளத்தில் 1999-ல் ஸ்தல ஸ்தாபனங்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள்.

"ஜில்லா பஞ்சாயத்தில் என்னய்யா இருக்கிறது? அதற்கு வரி போடக்கூட அதிகாரமில்லையே!" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தக் காலத்து ஜில்லா போர்டு ரோடு போட்டது, ஹைஸ்கூல் நடத்தியது, ஆஸ்பத்திரி நடத்தியது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின் மேல் செஸ் வசூலித்து ரயில் பாதையே போட்டது. மாயவரம் – முத்துப்பேட்டை பாதை 1894-ல் திறக்கப்பட்டது. அந்த வயல்களில் உழுத பண்ணையாளுக்குப் போர்டில் ஓட்டு இருந்ததா? 1920-ம் வருஷத்து ஸ்தல போர்டுச் சட்டத்திலும் வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. மிராசுதாரர் ஓட்டுப் போட்டார், மிராசுதாரர் ஜெயித்தார், ரோடும் மிராசுதாரர் வீட்டு வாசல்வரை போயிற்று. 1954-ல் மலபார் ஜில்லா போர்டைக் கம்யூனிஸ்டுகள் ஜெயித்து, பி. டி. பாஸ்கரப் பணிக்கர் தலைவரானார். உழைக்கிறவர்களின் ஆட்கள் போர்டை நடத்த முடியும் என்பதை அன்றைய சென்னை ராஜ்யம் கண்ணால் பார்த்தது. 1958-ல் வந்த சட்டம் ஜில்லா போர்டுக்குப் பதிலாக, கலெக்டரைத் தலைவராகக் கொண்டு யோசனை மட்டும் சொல்லும் ஒரு கவுன்சிலைக் கொண்டுவந்தது. 1993-ல் அரசியல் சட்டத் திருத்தம், 1994-ல் தமிழ்நாட்டுச் சட்டம், 1996 அக்டோபரில் அதன்படி முதல் தேர்தல்.

அதாவது, கஜானா இருந்த நாளில் கூலிக்காரனுக்கு ஓட்டில்லை. கூலிக்காரன் கைக்கு ஓட்டு வந்த நாளில் கஜானா இல்லை. இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்!

ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. சட்டப்படி ஜில்லா திட்டக் குழுவுக்கு ஜில்லா பஞ்சாயத்துத் தலைவரே தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். எந்தக் கிராமத்துக்குத் தண்ணீர், எந்தச் சுடுகாட்டுக்குப் பாதை என்று ஜில்லா முழுமைக்கும் திட்டம் போடும் இடம் அது. கேரளத்தில் 1996-ல் தொடங்கி, ராஜ்யத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம்வரை ஸ்தல ஸ்தாபனங்களிடம் கொடுத்தார்கள். இங்கும் கேட்க வேண்டியது அதைத்தான். காண்ட்ராக்டர் மெம்பரானால் அவர் கேட்பாரா? அவருக்கு வேண்டியது டெண்டர். திட்டமல்ல.

தேர்தலே இல்லாமல் போனாலும் இவர்களுக்கு நஷ்டமில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலைச் சென்னை ஹைகோர்ட் ரத்து செய்தது. இடஒதுக்கீட்டு விதிகளைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்பது காரணம். பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகள் ஆட்சி. 2019-ல் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் மறுபடி தனி அதிகாரிகள். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் அதிகாரியை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

ரிசர்வ் தொகுதியின் கதை தனி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் பஞ்சாயத்துகளில் 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் தாழ்த்தப்பட்டவர் தலைவராக உட்கார முடியாமல் ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். மேலவளவில் ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். ஜில்லா வார்டில் கத்தி தேவைப்படுவதில்லை. பண்ணையார் தம்மிடம் கடன்பட்ட ஒருவரை நிறுத்தினால் போதும். பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டமானதும், பெண்டாட்டி பெயரில் நின்று தாமே நாற்காலியில் உட்காரும் வீரர்களையும் பார்த்துவிட்டோம்.

ஆகவே தோழர்களே, அபேட்சகர் தோளில் கைபோடும்போது கையை எடுக்கச் சொல்ல வேண்டாம். பிடித்துக்கொள்ளுங்கள். ஷிப்டு விட்ட கூட்டத்தின் நடுவே, களத்துமேட்டில், நாலு பேர் கேட்கக் கேளுங்கள்: எங்கள் ஓட்டு உமக்கு என்றால், உமது ஓட்டு யாருக்கு? தலைவர் பதவிக்கு யாரை ஆதரிப்பீர் என்பதை இன்றே எழுதிக் கையெழுத்துப் போடுவீரா? அந்த ஒன்பது நாளும் உமது வீட்டில் இருப்பீரா, நாங்கள் வந்தால் பார்க்கலாமா? 2019-ல் ஜில்லா அபேட்சகரின் செலவு வரம்பு 1,70,000 ரூபாய். உமது கார்களுக்கு ஊற்றும் பெட்ரோலையாவது அதில் சேர்த்துக் கணக்குக் காட்டுவீரா?

பதில் வராது என்று தெரிந்தால் வேறு ஆளைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். 2019-ல் ஜில்லா வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய், தாழ்த்தப்பட்டவருக்கும் பழங்குடியினருக்கும் 500. ஒரு ஷிப்டுக்காரர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டால் தேறுகிற தொகை. ஸ்பின்னிங் காதாவில் வேலை செய்கிற பெண்ணோ, களை பறிக்கிற பெண்ணோ நிற்கட்டும். தலைவர் தேர்தலன்று அவரைக் கூட்டத்துக்கு அழைத்துப்போக விடுதி வண்டி வேண்டாம். நாமே கூட நடந்து போவோம்.