நடைவண்டியும் வாக்கரும்

"பத்து மாதம் ஆகிவிட்டதே, இன்னும் நடக்கவில்லையே!" என்று கவலைப்படாத தாய்மார் நம் நாட்டில் அரியர். அடுத்த வீட்டுக் குழந்தை அதற்குள் எழுந்து நின்றுவிட்டதென்று தெரிந்தாலோ, கேட்கவே வேண்டியதில்லை. உடனே சக்கரம் பூட்டிய ஆசனம் ஒன்று வீட்டுக்கு வந்து சேருகிறது. 'வாக்கர்' என்பது அதன் திருநாமம். குழந்தையை அதற்குள் இறக்கிவிட்டால் கூடமெங்கும் உருண்டு திரிகிறது. பெற்றோருக்குப் பெருமை, பாட்டிக்குச் சற்று ஓய்வு.

ஆனால் அது நடையாகுமா? உடலின் பாரத்தை ஆசனம் தாங்குகிறது. கால்விரல் நுனி மட்டும் தரையை உந்துகிறது. சாயும்போது சமாளித்து நிற்கும் வேலை குழந்தைக்கு அங்கே இல்லை. தன் பாதத்தைத் தான் பார்க்கவொட்டாமல் முன்னுள்ள தட்டு மறைக்கிறது. இவ்வண்டியிலே பழகிய குழந்தைகள் தவழவும் நடக்கவும் தாமதித்தே கற்றதாக ஆராய்ச்சியாளர் சிலர் கண்டிருக்கின்றனர்.

அபாயமோ இதனினும் பெரிது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2,30,000 பேர் இதனால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். பெரும்பாலோர் மாடிப்படியில் உருண்டவர்கள்; அடிபட்ட இடம் தலை அல்லது கழுத்து. விநாடிக்கு மூன்றடிக்கு மேல் பாயும் வண்டியை, அருகிலேயே இருந்தாலும், யார் எட்டிப் பிடிப்பது? கனடா தேசம் 2004-இல் இதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடுத்துவிட்டது. அங்கே கழித்துக்கட்டிய சரக்கை இங்கே பேரனுக்கு ஆசையாய் வாங்கித் தருகிறோம்!

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையை உற்றுப் பார்த்தவர்கள். ஐந்தாம் மாதத்துச் செங்கீரைப் பருவம் என்பது, கைகளைத் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, தலைநிமிர்ந்து ஆடும் நிலை. கழுத்தும் முதுகும் தோளும் வலுப்பெறுவது அப்போதுதான். வருகைப் பருவத்தில் தாய் எட்ட நின்று குழந்தையை 'வா' என்றழைக்கிறாள். தூக்கி வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் தச்சர் செய்த மூன்று சக்கர நடைவண்டியும் இதே வகையைச் சேர்ந்தது. குழந்தை தன் காலில் நின்று, கைப்பிடியைப் பற்றித் தள்ள வேண்டும்; தளர்ந்தால் பொத்தென்று உட்கார்ந்துவிடும். அப்படி உட்காருவதிலேதான் பாதிக் கல்வி. படிக்கட்டின் பக்கம் இதையும் விடலாகாது.

உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, குழந்தை தானே நடப்பது 8-ஆம் மாதத்திலும் நிகழலாம், 17 மாதம் நிறைந்தும் நிகழலாம். 18 மாதமாகியும் நடக்காவிடில் வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

அடுப்படி வேலைக்கு நடுவே குழந்தையை எங்கே விடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கூடத்தில் ஒரு பாயை விரித்து, இரண்டு மரச்சொப்புகளைப் போடுங்கள். வீட்டிலுள்ள ஆடவர் பத்திரிகையைச் சற்றே மடித்து வைத்துவிட்டு அந்தப் பாயருகே உட்காரலாம். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த பிறகாவது.