கேட்டறிந்து உண்போம்: ஒரு வியட்நாம் உணவகம் தந்த பாடம்





கடந்த பள்ளி விடுமுறையில் சோமனூரிலிருந்து இரு குடும்பத்தாராகப் புதுச்சேரிக்குச் சென்றிருந்தோம். உறவினர் வீட்டு நிக்காஹ் முடிந்த மறுநாள் கடற்கரையைக் கண்டு திரும்பும் வழியில், பிள்ளைகள் ஒரு சிறிய உணவகத்தின் முன் நின்றுவிட்டார்கள். சீன, வியட்நாம் உணவுகள் கிடைக்கும் என்று பலகை சொன்னது. உள்ளே ஆறேழு மேசைகள். தாய் கல்லாவில் அமர்ந்திருந்தார்; மகன் அடுப்படியில்; மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தார். முழுக்க முழுக்க ஒரு குடும்பத்தின் உழைப்பில் நடக்கும் கடை.

நாங்கள் அமர்ந்து இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. எங்களுடன் வந்திருந்த மாமா ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டு உரத்த குரலில், "இவங்க எதைத்தான் தின்னாம விடுவாங்க? எந்திரிங்க, போலாம்" என்றார். அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியாது என்று அவர் எண்ணிவிட்டார் போலும். அவரோ தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர். எழுந்து எங்களிடம் வந்து, முகத்தில் வருத்தத்தைக் காட்டாமல் சொன்னார்: "ஐயா, நீங்க பாய் வீட்டு ஆளுங்கதானே? எங்க கடையில பன்றிக்கறி சமைக்கிறோம். கோழியும் உங்க முறைப்படி அறுத்தது இல்லை. அதனால கறி எதுவும் கேட்காதீங்க. விருப்பம்னா காய்கறியும் மீனும் தனிச் சட்டியில, நல்லாக் கழுவிச் செஞ்சு தரச் சொல்றேன். ஒயின் ஊத்தமாட்டோம்."

அந்த மேசையில் அன்று தலை குனிந்தவர் மாமா மட்டுமல்லர். அவரை அடக்காமல் மௌனமாக அமர்ந்திருந்த நாமும்தான். பல ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஹலால், ஹராம் பாடம் நடத்தும் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நாம் கேட்கும் முன்பே அப்பெண்மணி விடையளித்துவிட்டார்.

உணவு விஷயத்தில் நம் சமுதாயம் இரண்டு தவறுகளுக்கு நடுவே ஊசலாடுகிறது என்பதே எமது கருத்து. எதையும் கேளாமல் உண்பது ஒன்று. எதையும் கேளாமல் இகழ்வது மற்றொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றே: விசாரித்து அறியும் பொறுப்பைக் கைவிடுவது.

முதலில் இகழ்ச்சியைப் பார்ப்போம். நமக்குப் பழக்கமில்லாத உணவு என்பது வேறு, மார்க்கம் விலக்கிய உணவு என்பது வேறு. நபி (ஸல்) அவர்களின் முன் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது அவர்கள் அதை உண்ணவில்லை. ஹராமா என்று கேட்கப்பட்டபோது, இல்லை, எம் மக்களின் நிலத்தில் இது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதிலளித்தார்கள். அதே விரிப்பில் அமர்ந்து காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள், நபியவர்கள் தடுக்கவில்லை. புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்செய்தி உள்ளது. அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பதும் ஸஹீஹான செய்தியே. உணவையே குறை கூறாதிருப்பது சுன்னத் என்றால், அதைச் சமைக்கும் மக்களை இழிவாகப் பேசுவதற்கு நமக்கு எங்கிருந்து அனுமதி வந்தது?

அந்த மக்கள் நமக்கு அந்நியரும் அல்லர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து படைவீரர்களாகவும் அலுவலர்களாகவும் வணிகர்களாகவும் நம் தமிழர் பலர் சைகோனுக்குச் சென்றார்கள். அங்கேயே மணம் முடித்து, பின்னர் மனைவி மக்களுடன் ஊர் திரும்பியவர்களும் உண்டு. புதுச்சேரி வீடுகளில் இன்றும் வியட்நாம் பலகாரமான 'நெம்' சுருள் பொரிக்கப்படுவது அப்படி வந்த வழக்கம்தான். அந்த உணவகத்தாரின் பாட்டியாரும் அவ்வாறு கப்பலில் வந்தவரே என்று பிறகு அறிந்தோம். சைகோனின் மையப் பகுதியில் இன்றும் தொழுகை நடைபெறும் பள்ளிவாசல், 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. நம்மவர் அங்கே அந்நியராய்ச் சென்று இறையில்லம் கட்ட இடம் கிடைத்தது. அந்நாட்டுப் பெண்ணின் பேத்தி இங்கே ஒரு கடை நடத்தினால் நாம் முகம் சுளிக்கிறோம்!

சீன உணவு என்றாலே ஹராம் என்று எண்ணுவதும் அறியாமையே. ஹூய் எனப்படும் சீன முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக அந்நாட்டில் வாழ்கிறார்கள். அவர்களின் உணவகங்களில் 'சிங்ஜென்' என்ற சொல் எழுதப்பட்டிருக்கும். தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். நம் வழக்கில் ஹலால். கையால் இழுத்துச் செய்யும் லான்ஜோ நூடுல்ஸ் அவர்கள் கைவண்ணத்தில் புகழ்பெற்றது. நம் ஊர்த் தள்ளுவண்டியில் கிடைக்கும் மஞ்சூரியனோ சீனாவிலிருந்து வந்ததே அல்ல. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்காரர் நெல்சன் வாங், 1975 வாக்கில் மும்பையில் அதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் கண்மூடி உண்ணலாமா? இல்லை. இங்கேதான் இரண்டாவது தவறு தொடங்குகிறது.

பொதுவாக உணவுகளில் அடிப்படை ஆகுமானது என்பதே. இறைச்சியில் மட்டும், முறைப்படி அறுக்கப்பட்டது என்று தெரியவேண்டும். தாமாகச் செத்தவை, இரத்தம், பன்றியின் இறைச்சி, அல்லாஹ் அல்லாதோருக்காக அறுக்கப்பட்டவை ஆகியவற்றைத் திருக்குர்ஆன் 5:3 தெளிவாக விலக்குகிறது. ஆகவே இத்தகைய உணவகங்களில் நாம் கேட்கவேண்டியவை சில உள்ளன. இறைச்சி எங்கே வாங்கப்படுகிறது? பன்றிக்கொழுப்பு பயன்படுகிறதா? சீனச் சமையலில் வழக்கமாகச் சேர்க்கப்படும் அரிசி மது ஊற்றப்படுகிறதா? காய்கறி நூடுல்ஸ் என்று தருவது எலும்பு வேகவைத்த சாற்றில் செய்ததா? வியட்நாமின் 'ஃபோ' சூப்பிற்கு அந்தச் சாறே உயிர் என்பதை நினைவில் கொள்க. நெத்திலியும் உப்பும் சேர்த்து ஊறவைத்து எடுக்கும் மீன் சாஸில் தன்னளவில் தடையேதும் இல்லை. சிப்பி சாஸ் விஷயம் வேறு. கொங்கு நாட்டு ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் ஹனஃபீ மத்ஹபினர். கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகும் என்பது அம்மத்ஹபின் நிலை. கடற்கரை ஊர்களில் வாழும் ஷாஃபிஈ சகோதரர்களுக்குச் சட்டம் விரிவானது. ஒரே மேசையில் இரு மத்ஹபினர் அமர்ந்தால் ஒருவரையொருவர் பழிக்கவேண்டியதில்லை.

சட்டி, பாத்திரங்களைப் பற்றியும் வழிகாட்டல் உண்டு. வேதக்காரர்களின் நிலத்தில் வாழ்ந்த அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் அம்மக்களின் பாத்திரங்களில் உண்பது குறித்துக் கேட்டார்கள். வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணுங்கள், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணுங்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்தப் புதுச்சேரித் தாய் ஹதீஸ் படித்தவர் அல்லர். ஆயினும் தனிச் சட்டி, கழுவிய சட்டி என்று அவர் சொன்னபோது எமக்கு இந்த ஹதீஸே நினைவுக்கு வந்தது. அன்று பிஸ்மில்லாஹ் சொல்லி, அரிசித் தாளில் சுற்றிய காய்கறிச் சுருளும், வேகவைத்த மீனும், சோறும் உண்டோம். மாமாவும் உண்டார். புறப்படும்போது கல்லாவருகே சென்று, "மனசுல வச்சுக்காதீங்கம்மா" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

ஊர் திரும்பிய பின்னரே உண்மையான சோதனை வந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவே மாலை நேரத்தில் கூட்டம் அலைமோதும் துரித உணவுக் கடை ஒன்று உண்டு. நம்மவர் ஒருவருடையது, முகப்பில் 'ஹலால்' என்ற பலகை. எம் பிள்ளைகளுக்கு அங்கே பலமுறை சிக்கன் ரைஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், ஒருமுறையும் கேட்டதில்லை. புதுச்சேரி அனுபவம் மனத்தை உறுத்தவே, தனியாக அழைத்துப் பணிவோடு கேட்டோம். அவர் பொய் சொல்லவில்லை. "உறைஞ்ச பாக்கெட்டா வருதுங்க ஹஜ்ரத். யாரு அறுத்தாங்கன்னு எனக்கே தெரியாது. போர்டு இருந்தாத்தான் வியாபாரம்" என்றார்.

முஸ்லிம் விற்பதை நல்லெண்ணத்தோடு வாங்கலாமே, துருவ வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிதாக இஸ்லாத்தை ஏற்ற மக்கள் கொண்டுவந்த இறைச்சியைக் குறித்து, அல்லாஹ்வின் பெயர் கூறி அறுத்தார்களா எனத் தெரியவில்லை என்று முறையிட்டவர்களிடம், நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணுங்கள் என்றே நபியவர்கள் பணித்ததாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆயின் அங்கே அறுத்தவர்கள் முஸ்லிம்கள் என்பது தெரிந்திருந்தது. இங்கே விற்பவருக்கே அறுத்தவர் யாரென்று தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக ஒரு பலகை அறிவிப்பது நல்லெண்ணத்துக்கு உரிய இடமன்று. அது வாடிக்கையாளரின் ஈமானை வைத்துச் செய்யும் வியாபாரம்.

பன்றி சமைக்கும் கடையில் உண்மை கிடைத்தது. ஹலால் பலகை தொங்கும் கடையில் கிடைக்கவில்லை. இதை எழுதுவதற்கு எமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

அக்கடைக்காரச் சகோதரர் இறுதியில் ஒன்று கேட்டார்: "பள்ளிவாசல் பக்கத்துல இருக்கிற கறிக்கடையில அன்னன்னைக்கு அறுத்த கோழி வாங்குறேன். பிளேட்டுக்குப் பத்து ரூபாய் கூடும். நம்ம ஆளுங்க கொடுப்பாங்களா?" எம்மிடம் உடனடி விடை இல்லை. விடை உங்களிடம் இருக்கிறது, சகோதரர்களே. பத்து ரூபாய் மிச்சத்துக்காக நாம் கேளாமல் இருந்தால், பலகைகள் பெருகும், ஹலால் குறையும்.

ஆகவே வீட்டில் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். புதிய உணவைக் கண்டு முகம் சுளிக்காதே, ஆனால் கேள். சமைப்பவர் எவராயினும் மரியாதையோடு கேள். உண்மை சொன்னவருக்கு நன்றி சொல். சந்தேகம் தீராவிட்டால் விட்டுவிடு. ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது. இடைப்பட்ட ஐயத்துக்குரியவற்றைத் தவிர்த்துக்கொள்பவரே தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்பது நாம் அறிந்த நபிமொழியின் கருத்துத்தானே.

வல்ல ரஹ்மான் நம் உணவையும் நம் நாவையும் தூய்மையாக்கித் தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.