வானில் ஒன்றரை மணி, தரையில் ஒரு நாள்

கொழும்புக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்? கட்டுநாயக்காவிலிருந்து மீனம்பாக்கம் வரை ஏறத்தாழ 645 கிலோமீற்றர். பயண நேரம் ஒன்றரை மணிக்கு உட்பட்டது. "கூப்பிடு தூரத்தில் தமிழகம்" என்று மேடைக்கு மேடை முழங்குவோரின் கணக்கும் இதுதான். கணக்கு பொய்யன்று. ஆனால் அது விமான நிலையங்களின் கணக்கு, மனிதர்களின் கணக்கன்று.

கலவானப் பகுதித் தோட்டத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். லயத்திலிருந்து பஸ் ஓடும் வீதிவரை நடை. அங்கிருந்து இரத்தினபுரிக்குச் சுமார் 40 கிலோமீற்றர் மலைப்பாதை. இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கு 101 கிலோமீற்றர். கட்டுநாயக்காவுக்கு மேலும் முப்பது. விமானம் கடக்கும் தூரத்தில் கால் பங்குதான் இது. ஆயினும் பஸ் மாறி மாறி வந்து சேர அரை நாள் போகும். விமான நிலையத்தில் மூன்று மணி முன்னதாக நிற்கவும் வேண்டும். 2017 மே மாதத்தைப் போல வெள்ளமும் மண்சரிவும் வந்துவிட்டால் அதுவும் இல்லை.

மலைநாடு என்றால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்வோர் உளர். அதே மலைநாட்டில்தான் 1912ஆம் ஆண்டிலேயே களனிவெளிப் புகையிரதம் இரத்தினபுரியை எட்டியது. எழுபதுகளில் அது நிறுத்தப்பட்டது. இன்று அப்பாதை அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. வெள்ளையன் தேயிலைக்கும் இறப்பருக்கும் போட்ட பாதையைச் சுதந்திர நாடு மனிதருக்காகக் காப்பாற்றவில்லை.

தோட்ட வீதிகளின் கதை இதனினும் கொடிது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதி தோட்டக் குடியிருப்புகளுக்குச் செல்லத் தடையாக நின்றது. வாக்கு மட்டும் வேண்டும். வீதி போட வேண்டியதில்லை! 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பதாண்டுப் புறக்கணிப்பு ஒரு திருத்தத்தால் தாராகவும் பாலமாகவும் மாறிவிடுமா?

அதே நாட்டில், 2013 மார்ச்சில் மத்தளையில் இருபது கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில் ஒரு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. பயணிகள் வராமற்போகவே அங்கே நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. விமான நிலையங்கள் அந்நியச் செலாவணி ஈட்டும் என்பார்கள். ஈட்டட்டும். தேயிலையின் மூலம் ஒன்றரை நூற்றாண்டாக அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்களுக்கு நாடு திருப்பிக் கொடுத்தது என்ன?

இது உல்லாசப் பயணிகளின் வசதி பற்றிய பேச்சன்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. நீலகிரியிலோ திருச்சியிலோ ஒரு சாவு விழுந்தால், கலவானத் தங்கை அண்ணன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதைத் தீர்மானிப்பது விமானத்தின் வேகமா? இரத்தினபுரி பஸ்ஸின் வேகந்தான். கையில் காசிருந்தாலும் அவள் போய்ச் சேர்வதற்குள் காடாற்றியிருப்பார்கள்.

ஆகவே ஆட்சியாளர்களுக்கும் மலையகத் தலைவர்களுக்கும் ஒன்று சொல்வேன். தூரத்தை ஓடுபாதையிலிருந்து அளக்காதீர்கள். லயத்து வாசற்படியிலிருந்து அளந்து பாருங்கள். முதலில் தோட்டத்து வீதியைப் போடுங்கள். இரத்தினபுரிக்குப் புகையிரதத்தைத் திருப்பிக் கொடுங்கள். அதன் பிறகு சென்னை பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள், நாங்களும் நம்புகிறோம்.