படபடப்புக்குக் குப்பியில் மருந்து இல்லை

ஷார்ஜா ரோலாவில் மருந்துக்கடை கவுன்டரில் நிற்கிறவள் நான். கோடையில் ஒருநாள் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் வந்தான், சைட் எஞ்சினியர். சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் உயரக் குப்பி ஒன்றை எடுத்து வைத்தான். அடியில் வெள்ளைப் பொடி. லேபிளில் "செலாங்க் 5 மி.கி.", அதன் கீழே பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல.

"அக்கா, கலக்கத் தண்ணியும் இன்சுலின் சிரிஞ்சும் வேணும். ராத்திரி நெஞ்சு அடிச்சுக்குது."

செலாங்க் கற்பனைச் சரக்கு இல்லை. மாஸ்கோவில் உருவான, ஏழு அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு. ரஷ்யாவில் மூக்கில் விடும் சொட்டு மருந்து. பதற்றக் கோளாறும் நரம்புத் தளர்ச்சியும் உள்ள 62 பேரிடம் இதையும் மெடசெபாம் என்ற பதற்றத் தணிப்பு மருந்தையும் ஒப்பிட்ட ரஷ்ய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. பலன் ஏறக்குறைய சமம் என்றார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதை மருந்தாக அங்கீகரிக்கவில்லை. 62 பேர் மூக்குச் சொட்டில் கண்ட பலனை நம்பி ஒருவன் தன் தோலுக்கடியில் ஊசி போட்டுக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். 5 மி.கி. பொடியில் 2 மி.லி. தண்ணீர் விட்டால் சிரிஞ்சின் 10 யூனிட் கோட்டில் 250 மைக்ரோகிராம் நிற்கும். 1 மி.லி. விட்டால் அதே கோட்டில் 500. அந்தக் கோடுகள் இன்சுலினுக்காகப் போட்டவை. இந்தப் பொடியைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை. அதுவும் உள்ளே நிஜமாக 5 மி.கி. இருந்தால்தான். கிருமி நீக்கினார்களா, 45 டிகிரி வெயிலில் கூரியர் வண்டிக்குள் எத்தனை மணி நேரம் கிடந்தது, எதற்கும் பொறுப்பேற்க ஆள் இல்லை. சிரிஞ்ச் கொடுக்கவில்லை.

டாக்டரிடம் போயேன் என்றேன். "ஃபைல்ல எழுதிட்டா விசா போயிடும்க்கா."

இந்தப் பயம்தான் அந்தக் குப்பியை விற்றுக் கொடுக்கிறது. விசா மெடிக்கலில் பார்ப்பது எச்.ஐ.வி., காசநோய் போன்ற தொற்றுகளை. படபடப்பை யாரும் அளப்பதில்லை. 2023-இல் வந்த அமீரக மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. சிறப்பு மருத்துவக் குழுவின் அறிக்கை இல்லாமல் மனநோயைக் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. இது தெரிந்த தொழிலாளி எத்தனை பேர்? சம்பளச் சீட்டை நான்கு மொழியில் விளக்குகிற கம்பெனிகள் இதை ஒரு வரியாவது தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் சொல்ல வேண்டும்.

2025 ஜனவரியிலிருந்து ஷார்ஜா உள்ளிட்ட வடக்கு எமிரேட்டுகளிலும் தனியார் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்த அட்டையோடு பொது மருத்துவரிடம் போனாலே முதல் படி ஆயிற்று. தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும். அவன் நைட் ஷிஃப்டில் குடிக்கிற எனர்ஜி டிரிங்கும் போதும். ஊரிலிருந்து யாரோ கொடுத்தனுப்பும் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை அந்தக் குப்பியைவிட ஆபத்து. இங்கே அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருந்துச் சீட்டும் அரசின் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுவந்தால் ஏர்போர்ட்டிலேயே வழக்கில் சிக்கலாம்.

துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையத்தை 800 46342-இல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது. மனநல ஆலோசனைக்கும் வழி செய்கிறார்கள். அந்த எண்ணைக் கேம்ப் மெஸ்ஸின் சுவரில் ஒட்டச் சொல்லி மேனேஜர்களிடம் கேளுங்கள்.