பற்சில்லும் பைந்தமிழும்

கல்வி ஏட்டில் உள்ளதோ கையில் உள்ளதோ என்னும் வினா பழையது. இரண்டிலும் உள்ளது என்பதே சான்றோர் விடை. ஆயின், கையிலுள்ள கல்வி ஏட்டில் ஏறாதொழியின் அக்கையோடு அதுவும் மாயும் என்பதை நம்மவர் போதியவாறு எண்ணிப் பார்த்திலர். விழா மலரிலே தமிழாசிரியர் மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டியைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பைத் தரலாம். யாம் எழுத முற்பட்டது இக்காரணம் பற்றியேயாம்.

திருகோணமலை இயந்திரத்தோடு பழகிய ஊர். 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் செல்லும்வரை அதன் பட்டறைகளிலே எம்மூரவர் பலர் தொழில் செய்தனர். கப்பலுக்குப் பழகிய கை மோட்டார் வண்டிக்கும் பழகியது. நாட்டின் நிலையும் அதற்குத் துணையாயிற்று. 1977இல் இறக்குமதி தளர்த்தப்படும்வரை புதிய வண்டி கிடைத்தல் அரிதாயிருந்தமையால், பழைய வண்டியைப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியிருந்தது. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்திலே ஒஸ்ரின் ஏ 40 போன்ற கார்களைச் சிறிது பெற்றோலாற் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினர். 2020 மார்ச்சு முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டபோதும் பழைய வண்டியே பலருக்குத் துணை நின்றது.

இவ்வாறு எஞ்சிய வண்டிகளை வீட்டு முற்றத்திலே வைத்துப் புதுக்குதலில் இன்றைய இளைஞர் சிலர்க்கு ஆர்வம் மிகுந்துள்ளது. அவருள் ஸ்போர்ட்ஸ் கார் விரும்புவோர் ஓர் உறவினை அறிந்திருத்தல் நன்று. 1958இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் இருவர் அமரும் சிறு விரைவுக் காரும், 1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 என்னும் குடும்பக் காரும் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய ஒரே குலத்து எஞ்சினை உடையன. கியர்ப் பெட்டியும் அவ்வாறே. ஆகவே, மொறிஸ் மைனரின் பெட்டியைக் கழற்றிப் பூட்ட அறிந்த கை ஸ்பிறைற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

பெட்டியின் தத்துவம் எளிது. எஞ்சினிலிருந்து வரும் தண்டு, கீழே கிடக்கும் இடைத்தண்டின் மேலுள்ள பற்சில்லுத் தொகுதியைச் சுழற்றுகின்றது. அத்தொகுதி பிரதான தண்டின் பற்சில்லுகளைச் சுழற்றுகின்றது. சிறிய சில்லு பெரிய சில்லைச் சுழற்றும்போது வேகம் குறைந்து முறுக்கு விசை மிகும். ஏற்றத்திலே முதற் கியரை நாடுவது இதன்பொருட்டு. நான்காம் கியரிலோ விசை இடைத்தண்டின் வழியே செல்லாது நேரே பிரதான தண்டினை அடையும். இவ்வொரு செய்தியை அறிந்தவன் பெட்டியைத் திறவாமலே நோயை ஊகிப்பான். மற்றைக் கியர்களில் இரையும் பெட்டி நான்காம் கியரில் அமைதியுறுமாயின், பழுது பெரும்பாலும் இடைத்தண்டிலோ அதன் ஊசிப் பேரிங்குகளிலோ இருக்கும். கியர் மாற்றும்போது அரைபடும் ஒலி எழின், பற்கள் பொருந்துமுன் வேகத்தைச் சமப்படுத்தும் வெண்கலக் கூம்பு வளையம் தேய்ந்திருக்கலாம். இட்ட கியர் தானே கழன்றால், பற்களின் ஓரமோ, கியரை நிலைநிறுத்தும் வில்லோ தளர்ந்திருக்கலாம். வேகத்தைச் சமப்படுத்தும் அவ்வமைப்பு 1928இல் அமெரிக்காவின் கடிலாக் காரிலே முதன்முதற் புகுத்தப்பட்டது. யாம் கூறிய இரு வண்டிகளினதும் முதற் கியருக்கு அது இல்லை. வண்டி நின்றபின்பே முதற் கியரை இடுதல் முறை.

இனிச் செய்முறை. ஸ்பிறைற்றில் எஞ்சினையும் பெட்டியையும் ஒருங்கே தூக்கி எடுத்தல் வேண்டும். எண்ணெயை வடித்து, அதிற் கலந்துள்ள உலோகத் துகள்களை நோக்குக. கியரைத் தெரியும் கோல்களை உருவுமுன் ஒரு துணியை மேலே போர்த்துக. உள்ளிருக்கும் சிற்றுருண்டையும் வில்லும் தெறித்துப் பாய்ந்தால் அவற்றை முற்றத்து மணலிலே தேடுதல் எளிதன்று. கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே பலகையில் அடுக்குக. மண்ணெண்ணெயிற் கழுவியவற்றை உடனே துடைத்து எண்ணெய் பூசுக. எம்மூர்க் கடற்காற்றிலே ஓரிரவு கிடப்பினும் துருப்பிடிக்கும். இடைத்தண்டை விரல் நகத்தால் வருடிப் பார்க்க. குழி தட்டுப்படின் தண்டும் ஊசிகளும் புதியன வேண்டும். ஊசிகளைக் கிறீஸ் தடவி ஒட்டவைத்து, தண்டின் பருமனும் பற்சில்லுத் தொகுதியின் நீளமுங் கொண்ட போலித் தண்டொன்றை முதலில் இடுக; மெய்த்தண்டு அதனைத் தள்ளிக்கொண்டு நுழைகையில் ஊசிகள் குலையா. இறுதியில் எண்ணெய். இவ்விரு பெட்டிகளுக்கும் செய்தோர் விதித்தது 30ஆம் தர எஞ்சின் எண்ணெயே. பின்னச்சுக்குரிய எண்ணெய் சிலவற்றிலுள்ள கந்தகச் சேர்க்கை வெண்கல வளையங்களை அரிக்கும்.

மேற்கூறியவற்றுட் பல, ஊரார் 'பாஸ்' என்று அழைக்கும் முதிய தொழிலாளர் வாய்ச்சொல்லாக யாம் கேட்டவை. செய்தோர் வெளியிட்ட கைந்நூல் ஆங்கிலத்தில் உள்ளது. தமிழ்நாட்டிலே மோட்டார்ப் பொறி பற்றிய தமிழ் நூல்கள் வந்துள்ளன. 2013இல் எம் நாட்டு உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு தொடங்கியபின் தமிழ்ப் பாடநூல்களும் உள்ளன. அவை தத்துவத்தைச் செவ்வனே விளக்குகின்றன. ஆயின், துணியைப் போர்த்துக என்றும் நகத்தால் வருடுக என்றும் சொல்லும் நூலை யாம் தேடிய கடைகளிலும் நூலகங்களிலும் கண்டிலேம். அந்நூல் முதியோர் சிலரது நினைவில் மட்டும் உளது. அவருட் சிலர் மறைந்துவிட்டனர். அவர்தம் மக்கள் வேறு தொழிலுக்கும் வேறு நாட்டுக்கும் சென்றனர்.

இதற்குத் தடை தமிழிற் சொல் இல்லாமை என்பார் உளர். பட்டறைப் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்டால் அது பொருந்தாமை புலனாகும். "பேரிங்கைத் தட்டி இறக்கு", "சாவ்ற்றை உருவு", "நட்டை இறுக்கு" என்கின்றனர். பெயர் ஆங்கிலம், வினை முழுதும் தமிழ். தொல்காப்பியர் சொற்களை நால்வகையாக்கியபோது திசைச்சொல்லுக்கும் இடந்தந்தார். கியரும் கிளச்சும் எம் தலைமுறையின் திசைச்சொற்கள். நல்ல தமிழ்ச் சொல் அமைந்தவிடத்து அதனையும் கொள்வோம். கோயில் தூணின் தலையிலே உத்தரத்தைத் தாங்கும் உறுப்புக்குப் போதிகை என்பது பெயர். சுழலுந் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு அச்சொல்லை இட்டார் எம் நாட்டுக் கலைச்சொல்லாக்கத்தார். அழகிய ஆக்கம். ஆயினும் 'போதிகை' வழக்கில் வரும்வரை நூல் காத்திருத்தல் வேண்டா. இன்றுள்ள குறை சொல்லில் இல்லை, எழுதுவோர் இன்மையிலேயே உள்ளது.

எழுதலாகும் என்பதற்கு எம் நாட்டிலேயே சான்று உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அறுவை மருத்துவமும் உடற்கூற்றியலும் தமிழிற் கூறலாமென்று பிறமொழியாளர் ஒருவர் காட்டியபின், பற்சில்லைப் பற்றித் தமிழர் தமிழில் எழுதத் தயங்குதல் நாணத்தக்கது.

மின்சாரக் கார் வருங் காலத்தில் பழைய பெட்டியைப் பற்றிய நூல் எதற்கு என்று மாணவர் வினவலாம். தக்க வினாவே. மின்சாரக் காரிலும் பற்சில்லு உண்டு, பேரிங்கு உண்டு. அன்றியும், ஒரு பொருளை முறையாகக் கழற்றி, பழுதின் காரணம் கண்டு, முறையாகப் பூட்டும் ஒழுங்கு எவ்வியந்திரத்துக்கும் ஒன்றே. அவ்வொழுங்கைத் தாய்மொழியிற் படித்துப் பழகிய மாணவன் நாளைய பொறிக்கும் நூல் எழுதுவான்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு யாம் கூறுவது ஒன்றுண்டு. விழா ஆண்டுகளில் மண்டபமும் நுழைவாயிலும் எழுப்புதல் வழக்கம். இம்முறை அவற்றோடு சிறு நூல் வரிசையொன்றையும் தொடங்குக. பட்டறையில் மூத்தவர் சொல்லட்டும். உயர்தர வகுப்பு மாணவர் அருகிருந்து எழுதட்டும். வெளிநாடுகளில் வாழும் பொறியியலாளரான பழைய மாணவர் பிழை நோக்கட்டும். நடை திருத்துதலைத் தமிழாசிரியராகிய எம்மிடம் விடுக. முதல் நூல் கியர்ப் பெட்டி பற்றியதாகட்டும். அடுத்தது மீன்பிடி வள்ளத்தின் எஞ்சின் பற்றியதாகலாம். துறைமுகத்தூர் ஒன்றுக்கு அதனினும் தக்க பொருள் யாது? பழைய பெட்டியொன்றைக் கல்லூரிக்கு ஈவார் உளராயின், அதனை மேசைமேல் வைத்து மாணவர் கையாலேயே கழற்றிப் பூட்டச் செய்க. பரீட்சையிற் சித்தியடையாதான் செல்லுமிடம் பட்டறை என்னும் இழிவுரை அம்மேசை முன்னே நில்லாது.

சொல்ல வல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உளர். கேட்டு எழுதுவோரே வேண்டும். அதனை இவ்விழா ஆண்டிலேயே தொடங்குவோமாக.